கடை ரீல்ஸில் சினிமாப் பாட்டு: ஆரணி வாசகியின் கேள்விக்கு ஒரு காப்புரிமை வழக்கறிஞரின் பதில்

கேள்வி: ஆரணியில் வீட்டிலிருந்தே பட்டுச் சேலை வியாபாரம் செய்கிறேன். பக்கத்துத் தறிக்காரர்களிடம் வாங்கி இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். சேலைக்கு ஒரு ரீல்ஸ் என்று இரண்டு வருடமாகப் போட்டு வருகிறேன். எல்லாவற்றிலும் இன்ஸ்டாகிராமே காட்டுகிற சினிமாப் பாட்டுதான். போன மாதம் கணக்கை பிசினஸ் கணக்காக மாற்றியதும் அந்தப் பாட்டுகள் காணாமல் போய்விட்டன. பழைய ரீல்ஸ் சிலவற்றில் சத்தமும் நின்றுவிட்டது. இப்போது ஓர் இசை நிறுவனத்தின் சார்பில் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஏழு ரீல்ஸைக் குறிப்பிட்டு, 1,40,000 ரூபாய் 10 நாளில் கட்டாவிட்டால் வழக்கு என்கிறார்கள். "30 விநாடிக்குள் என்றால் தப்பில்லை, கணக்கை கிரியேட்டராக மாற்றிவிடு" என்கிறான் தம்பி. எல்லாக் கடைக்காரர்களும் இப்படித்தானே போடுகிறார்கள்? பணம் கட்ட வேண்டுமா? இனி எதைத்தான் போடுவது? பழைய பாட்டு, பாரதியார் பாட்டு, அம்மா பாடும் தாலாட்டு போடலாமா? என் சேலைப் படங்களை வேறொரு பக்கம் எடுத்துப் போட்டபோது யாரும் கேட்கவில்லை; எனக்கு மட்டும் ஏன் இந்தச் சட்டம்?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஆரணி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த மின்னஞ்சல். அதில்தான் கெடு இருக்கிறது. இன்றைக்குப் பணம் கட்டாதீர்கள், பதற்றத்தில் பதில் போடாதீர்கள், ரீல்ஸை நிரந்தரமாக அழித்தும் விடாதீர்கள். அந்த ஏழு ரீல்ஸையும் ஒவ்வொன்றாகத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பாட்டின் பெயர் ஓடுகிற பட்டை, போட்ட தேதி, எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிற எண் மூன்றும் படத்தில் தெரிய வேண்டும். எடுத்து முடித்ததும் ஏழையும் ஆர்க்கைவுக்கு மாற்றிவிடுங்கள். ஆர்க்கைவில் போட்டால் ஊருக்குத் தெரியாது, உங்களிடம் இருக்கும். நாளை பேச்சுவார்த்தையில் "எத்தனை பேர் பார்த்தார்கள், அதனால் என்ன லாபம்" என்ற கேள்வி வரும். அப்போது இந்த எண்கள் உங்களுக்குத்தான் உதவும்.

அடுத்து, அந்தக் கடிதம் உண்மைதானா என்று பாருங்கள். காப்புரிமை (காப்பிரைட்) மீறல் என்று மிரட்டிப் பாஸ்வேர்டைத் திருடும் மோசடி மின்னஞ்சல்கள் நிறையச் சுற்றுகின்றன. உள்ளே ஒரு லிங்க் இருந்து, அதை அழுத்தி இன்ஸ்டாகிராமில் நுழையச் சொன்னால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராம் உங்களுக்கு நிஜமாகவே அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியல் ஆப்பின் செட்டிங்ஸுக்குள்ளேயே இருக்கிறது. உங்களுக்கு வந்திருப்பது ஓர் இசை நிறுவனத்தின் பெயரில் என்பதால், அந்த நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய் அங்கே கொடுத்திருக்கும் முகவரிக்கு எழுதி, "இன்னாரை நீங்கள்தான் நியமித்தீர்களா" என்று கேளுங்கள். மின்னஞ்சலில் கொடுத்திருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்பதில் பயனில்லை. மோசடிக்காரராக இருந்தால் அவரேதான் எடுத்து "ஆமாம்" என்பார்.

கடிதம் உண்மை என்று தெரிந்துவிட்டால் கெடு முடிவதற்குள் சின்னதாக ஒரு பதில் போதும். "உங்கள் கடிதம் கிடைத்தது. குறிப்பிட்ட பதிவுகளைப் பார்வையிலிருந்து நீக்கிவிட்டேன். இது எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொண்டதாகாது. ஒவ்வொரு பாடலிலும் உங்கள் நிறுவனத்துக்கு உள்ள உரிமை என்ன, அதற்கான ஆவணம், நீங்கள் அவர்கள் சார்பில் பேசுவதற்கான அதிகாரக் கடிதம், தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது ஆகிய விவரங்களை அனுப்பவும். அவற்றைப் பார்த்த பிறகு பதில் தருகிறேன்." இவ்வளவுதான். மன்னிப்பு வேண்டாம், "தெரியாமல் செய்துவிட்டேன்" வேண்டாம், "எல்லோரும்தான் போடுகிறார்கள்" என்பது வேண்டவே வேண்டாம்.

உரிமை ஆவணத்தைக் கேளுங்கள் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழ்ப் படப் பாட்டுகளில் எது யாரிடம் இருக்கிறது என்பது எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. இளையராஜா பாடல்களின் உரிமை யாருக்கு என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பல வருடங்களாக வழக்குகள் நடந்திருக்கின்றன. பெரிய நிறுவனங்களே அடித்துக்கொள்கிற விஷயத்தில், உங்களிடம் பணம் கேட்பவர் ஒரு தாளைக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். ஆதாரமே இல்லாமல் வெறுமனே மிரட்டுகிறார்கள் என்று தெரிந்தால், காப்புரிமைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு உங்களுக்கே வழக்குப் போட வழி தருகிறது.

ஆனால் ஆவணத்தைச் சரியாகக் காட்டிவிட்டார்கள் என்றால் உங்கள் பக்கம் சட்டம் பலமாக இல்லை. அப்போது சமரசத்துக்குப் போவதுதான் நல்லது. 1,40,000 என்பது அவர்கள் கேட்கிற தொகை. எந்த நீதிமன்றமும் விதித்ததில்லை. வியாபாரத்தின் அளவு, ரீல்ஸைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை, கடிதம் வந்ததும் நீக்கியது எல்லாவற்றையும் சொல்லிக் குறைத்துக் கேளுங்கள். முடிவான தொகை எதுவானாலும் இரண்டு நிபந்தனை. பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், ரசீதுடன். அப்புறம், "இந்த ஏழு பதிவுகள் தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அந்த வாசகம் இல்லாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கூடவே, அவர்கள் குறிப்பிடாத மற்ற பழைய ரீல்ஸையும் நீங்களே ஆர்க்கைவுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் எட்டாவது ரீல்ஸுக்குக் கடிதம் வரும்.

இனி, இன்ஸ்டாகிராமே கொடுத்த பாட்டைப் போட்டதற்கு ஏன் இவ்வளவு என்று நீங்கள் கேட்பது. இதில்தான் உங்களைப் போன்ற சிறு வியாபாரிகள் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம் இசை நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டுத்தான் அந்தப் பாட்டுகளை உங்கள் போனில் காட்டுகிறது. அந்த ஒப்பந்தம் தனிமனிதர்கள் தங்கள் சந்தோஷத்துக்காகப் போடுகிற பதிவுகளுக்கானது. வியாபாரத்துக்கோ தனிப்பட்டதல்லாத வேறு காரியத்துக்கோ இசையைப் பயன்படுத்துவதென்றால் அதற்கான உரிமத்தை நீங்களே வாங்கியிருக்க வேண்டும் என்று மெட்டாவின் இசை வழிகாட்டு விதியிலேயே எழுதியிருக்கிறது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரவைத்து வயிறாரப் போடுவார்கள். அதே சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக் கடையில் வைத்து விற்றால் சும்மா இருப்பார்களா? உங்கள் மகளின் பிறந்தநாள் வீடியோவுக்கு அந்தப் பாட்டைப் போட்டது பந்தி. "விலைக்கு டிஎம் செய்யவும்" என்று எழுதிய சேலை வீடியோவுக்குப் போட்டது பொட்டலம்.

கணக்கை பிசினஸாக மாற்றியதும் பாட்டுகள் மறைந்தது இதனால்தான். தம்பி சொல்வதுபோல் கிரியேட்டர், அதாவது தனிப் படைப்பாளிகளுக்கான, கணக்காக மாற்றினால் சில பாட்டுகள் திரும்பவும் தெரியக்கூடும். ஆனால் பார்க்க வேண்டியது கணக்கின் பெயர்ப்பலகையை அல்ல, பதிவு எதற்காகப் போடப்பட்டது என்பதை. சேலை விற்கிற வீடியோ எந்தக் கணக்கில் இருந்தாலும் சேலை விற்கிற வீடியோதான். எதிர்த்தரப்பு வக்கீல் வேறு கேட்பார்: "கடிதம் வந்த பிறகு கணக்கின் வகையை மாற்றினார், அப்படியென்றால் விஷயம் தெரிந்தே செய்திருக்கிறார்." அந்த வாதத்துக்கு நீங்களே இடம் கொடுத்துவிடாதீர்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த தொல்லையும் இல்லை. அமெரிக்காவில் பேங் என்ற ஊக்கபானத்தை விற்ற நிறுவனம், டிக்டாக் வீடியோக்களில் பிரபல பாட்டுகளைப் போட்டு விளம்பரம் செய்தது. யுனிவர்சல் மியூசிக் வழக்குப் போட்டது. செயலியில் கிடைத்த பாட்டுகளைத்தானே போட்டோம் என்ற வாதம் நிற்கவில்லை. 2022-ல் ஃபுளோரிடா நீதிமன்றம் அந்த நிறுவனம் வெளியிட்ட வீடியோக்கள் காப்புரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. 2024-ல் மேரியட் ஓட்டல் குழுமத்தின் மீது சோனி மியூசிக் வழக்குத் தொடுத்தது. சமூக வலைதளப் பதிவுகளில் 900-க்கும் மேற்பட்ட மீறல்கள் என்று பட்டியலே போட்டார்கள். அவ்வளவு பெரிய ஓட்டலில் சட்டத் துறை என்று தனியாகவே இருக்கும். அவர்களே வழக்கில் மாட்டியிருக்கும்போது, வீட்டில் உட்கார்ந்து போனில் ரீல்ஸ் போட்ட உங்களுக்கு இது தெரியாமல் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பேங் வழக்கில் அந்த நிறுவனத்துக்காக வேறு பிரபலங்கள் போட்ட வீடியோக்களையும் சேர்த்திருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சேலையை இலவசமாகக் கொடுத்து, ஒரு இன்ஸ்டா பிரபலத்தைக் கட்டவைத்து வீடியோ போடச் சொல்லும் வழக்கம் உங்கள் தொழிலில் இருக்கிறது. அவர் சினிமாப் பாட்டு போட்டால் அது அவர் பாடு என்று இருந்துவிட முடியாது. சேலை அனுப்பும்போதே "இந்த இசையை மட்டும் பயன்படுத்துங்கள்" என்று ஆடியோ ஃபைலையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

30 விநாடிக் கணக்கைப் பற்றி. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. இத்தனை விநாடி வரை இலவசம் என்று அதில் எங்கேயும் கிடையாது. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி போன்ற சில காரியங்களுக்கு விதிவிலக்கு உண்டு. சேலை விளம்பரம் எதிலும் அடங்காது. பாட்டின் வேகத்தைக் கூட்டிப் போடுவது, "பாடலின் உரிமை உரியவருக்கே" என்று கீழே எழுதுவது, பாட்டைக் காசு கொடுத்து டவுன்லோட் செய்து வைத்திருப்பது எதுவும் உரிமம் ஆகாது. எடிட்டிங் ஆப்பில் பாட்டைக் கலந்து வீடியோவாக ஏற்றினால் இன்னும் மோசம், அப்போது இன்ஸ்டாகிராம் கொடுத்த பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. வேறு யாரோ போட்ட ரீல்ஸில் "ஒரிஜினல் ஆடியோ" என்று வருவதை எடுத்துப் போடுவதும் அப்படித்தான். அந்தப் பெயர் அதை முதலில் ஏற்றிய கணக்கைத்தான் காட்டுகிறது. அவரே ஒரு படப் பாட்டைப் பதிவு செய்து ஏற்றியிருக்கலாம்.

எல்லாக் கடைக்காரர்களும் போடுகிறார்களே என்றால், அவர்களில் சிலர் உரிமம் வாங்கியிருப்பார்கள், பலருக்குக் கடிதம் இன்னும் வரவில்லை. நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் வரை அவகாசம் இருக்கிறது. நிறுவனம் தன் அலுவலகம் இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடவும் 62-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ஆரணியில் இருந்துகொண்டு மும்பைக்கு அலைவதை நினைத்துப் பாருங்கள். தெரிந்தே மீறினால் குற்ற வழக்குக்கும் இடம் உண்டு. 63-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை என்று இருக்கிறது. உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் கடிதம் வந்த பிறகும் அதே பாட்டைத் தொடர்ந்து போட்டால் "தெரிந்தே" என்ற சொல் உங்கள் மேல் ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் தொழிலுக்கே உரிய இன்னொரு சிக்கல், நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் முகூர்த்தப் பட்டு வாங்கிய பெண் கல்யாண வீடியோ அனுப்பியிருப்பார். மண்டபத்தில் பின்னால் ஏதோ சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கல்யாணத்திலும் அதை ஒட்டிய ஊர்வலம், விருந்துகளிலும் பாட்டுப் போடுவதற்குச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் விலக்கு இருக்கிறது. மண்டபத்தில் பாடியது தப்பில்லை. ஆனால் அந்த விலக்கு கல்யாணத்தோடு முடிந்துவிடுகிறது. அதே வீடியோவை "எங்கள் சேலையில் மணப்பெண்" என்று உங்கள் பக்கத்தில் போடும்போது அது விளம்பரம். ஒலியை நீக்கிவிட்டு, வேறு இசை சேர்த்துப் போடுங்கள். மணப்பெண்ணிடமும் ஒரு வார்த்தை எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் செய்தியானாலும் பரவாயில்லை.

"எனக்கு மட்டும் ஏன் இந்தச் சட்டம்" என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தச் சட்டம். உங்கள் போனில் நீங்கள் எடுத்த சேலைப் படத்துக்கு உரிமையாளர் நீங்கள்தான், எங்கேயும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. காசு கொடுத்துப் புகைப்படக்காரரை வைத்து எடுத்திருந்தாலும், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை உங்களுக்குத்தான். படத்தைத் திருடிய பக்கத்தின் மேல் இன்ஸ்டாகிராமின் காப்புரிமைப் புகார்ப் படிவத்தில் புகார் கொடுங்கள். உங்கள் மூலப் பதிவின் லிங்கையும் அவர்கள் பதிவின் லிங்கையும் கொடுத்தால் போதும். பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் இதே உரிமைதான். வெகுகாலம் அவர்கள் ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றார்கள். 2012-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான், படத்துக்கு வெளியே பாட்டு சம்பாதிக்கிற பணத்தில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள பங்கை அவர்களே நினைத்தாலும் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்றானது. தறிக்காரருக்கு நியாயமான கூலி போக வேண்டும் என்று நினைக்கிறவர் நீங்கள் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. இந்தக் கூலியும் அப்படிப்பட்டதுதான்.

சரி, பழைய பாட்டுக்கு வருவோம். ஒரு பாட்டில் குறைந்தது மூன்று உரிமை இருக்கிறது: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் தனி. வரிகளும் மெட்டும் அவற்றைப் படைத்தவர் இறந்த பிறகு 60 வருடம் வரை. ஒலிப்பதிவு, வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரி முதல் 60 வருடம். அதனால் 1964-ல் வந்த இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. இதைக் கேட்டதும் அறுபதுகளின் பாட்டையெல்லாம் போடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். கண்ணதாசன் இறந்தது 1981-ல். அவர் வரிகளுக்கு 2041 முடியும் வரை உரிமை உண்டு. எம்.எஸ்.விஸ்வநாதன் 2015-ல் காலமானார்; அவர் மெட்டுகளுக்கு 2075 வரை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-லேயே போய்விட்டதால் அவர் வரிகள் இப்போது எல்லோருக்கும் பொது. ஆனால் அந்த வரிகள் நம் காதில் ஒலிக்கிற மெட்டோ இன்னொருவருடையது. மூன்றும் முடிந்த பாட்டாக இருந்தால்தான் தைரியமாகப் போடலாம், அப்படிப்பட்டவை குறைவு.

பாரதியார் விஷயம் தனிக் கதை. அவர் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஒரு காலத்தில் ஏ.வி.மெய்யப்பன் கையில் இருந்தது. பாரதி எல்லோருக்கும் பொது என்று குரல் எழுந்தபோது அவர் அதை விட்டுக்கொடுத்தார். 1949-ல் அரசு பாரதியின் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. ஆகவே வரிகளை யாரும் தாராளமாகப் பாடலாம், உங்கள் கடை வீடியோவிலும் போடலாம். ஆனால் பாரதியின் வரிக்கு ஒரு படத்தில் போட்ட மெட்டும், அதைப் பாடிய பதிவும் அந்தப் படத்துக்கு உரியவர்களுடையவை. உங்கள் ஊர்ப் பள்ளி இசை ஆசிரியை தானே ஒரு ராகத்தில் அமைத்துப் பாடித் தந்தால் சிக்கலே இல்லை. கீர்த்தனைகளும் இப்படித்தான். தியாகராஜர் 1847-ல் மறைந்தவர், அவர் கீர்த்தனைகளை யார் வேண்டுமானாலும் பாடலாம். ஆனால் இன்றைய பாடகர் ஒருவரின் ஆல்பத்தை எடுத்துப் போட முடியாது. பாபநாசம் சிவன் பழையவர் என்று தோன்றும். அவர் 1973-ல்தான் காலமானார், 2033 முடிகிற வரை அவர் பாட்டுகளுக்கு உரிமை இருக்கிறது.

அம்மாவின் தாலாட்டு? தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த தாலாட்டு யாருடைய சொத்தும் இல்லை. அம்மா பாடட்டும், நீங்கள் பதிவு செய்து போடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நம் வீட்டில் பாடப்படும் பல தாலாட்டுகள் சினிமாவிலிருந்து வந்து வீட்டுப் பாட்டாகவே ஆகிவிட்டவை. அம்மாவிடம் "இதை எங்கே கற்றாய்" என்று கேட்டுவிடுங்கள். அவர் தன் அம்மாவிடமிருந்து என்றால் நல்லது.

செலவில்லாமல் இன்றைக்கே போட வேண்டுமென்றால் மெட்டாவின் சவுண்ட் கலெக்ஷன் என்ற இலவச இசை நூலகம் இருக்கிறது. பிசினஸ் கணக்குகளும் பயன்படுத்தலாம். பணம் கட்டி பூஸ்ட் செய்யும் ரீல்ஸுக்கும் இதுதான் சரி. காப்புரிமை உள்ள பாட்டு இருந்தால் பூஸ்ட் செய்யவே விடமாட்டார்கள். ஆனால் அந்த இசைக்கான அனுமதி மெட்டாவின் தளங்களுக்கு மட்டும். அதே வீடியோவை யூடியூபிலும் போடுகிறவர் என்றால் அங்கே யூடியூபின் ஆடியோ லைப்ரரியிலிருந்து வேறு இசை சேர்த்துக்கொள்ளுங்கள். யூடியூபில் பாட்டை மென்பொருளே கண்டுபிடித்து உரிமைகோரல் போடுவது வேறு, உரிமையாளர் புகார் கொடுத்து வீடியோவை நீக்கவைக்கும்போது விழுகிற காப்புரிமை ஸ்ட்ரைக் வேறு. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வாங்கினால் சேனலே போய்விடும்.

படைத்தவரே சில நிபந்தனைகளோடு எல்லோரும் பயன்படுத்த விட்டுவைக்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் இசையும் உண்டு. கெவின் மெக்லியாட் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் தன் இசையில் பெரும்பகுதியை, பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற நிபந்தனையில் வியாபாரத்துக்கும் சேர்த்தே கொடுத்திருக்கிறார். ஆனால் இந்த உரிமத்திலேயே "வணிகத்துக்கு அல்ல" என்ற வகையும் இருக்கிறது, படித்துப் பார்த்து எடுங்கள். செயற்கை நுண்ணறிவில் பாட்டுச் செய்து தரும் செயலிகளிலும் இதே கதைதான். சுனோ என்ற செயலியின் இலவசத் திட்டத்தில் செய்த பாட்டை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதியில்லை. பிரபலப் பாடகரின் குரல்போலவே செய்து தருகிற கருவிகள் பக்கமே போகாதீர்கள். இந்திப் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில் 2024-ல் மும்பை உயர் நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்திருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், ஆனால் என் மனதில் இருப்பது வேறு. இலவச நூலகத்தில் கிடைக்கிற இசை எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி ஒலிக்கும். நீங்கள் இருப்பது ஆரணி. காலையில் தெருவுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம் கேட்கிற ஊர். ஒரு தறிக்காரர் வீட்டில் அனுமதி கேட்டு, மின்விசிறியையும் டிவியையும் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லி, போனைத் தறிக்குப் பக்கத்தில் ஒரு துணி மடிப்பின் மேல் வைத்துப் பதிவு செய்யுங்கள். மிதியை மிதிக்கிற சத்தம், ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடி மறுபக்கம் மோதுகிற சத்தம், பலகை ஊடையை அடித்து இறுக்குகிற சத்தம் மூன்றும் ஒரு தாளக்கட்டில் வரும். அதன் மேல் அந்தச் சேலையைப் பற்றி உங்கள் குரலில் நான்கு வரி பேசுங்கள்: எத்தனை நாள் நெய்தது, என்ன கரை, யார் நெய்தது. இந்த ஒலி உங்களுக்கே சொந்தம். நாளைக்கு வேறு கடைக்காரர் எடுத்துப் போட்டால் நீங்கள் புகார் கொடுக்கலாம்.

முகூர்த்தப் பட்டுக்கு மங்கல இசை வேண்டுமென்றால் உங்கள் பக்கத்துக் கோயில் நாதஸ்வரக்காரரிடம் போங்கள். சினிமாப் பாட்டை வாசிக்கச் சொல்லாதீர்கள், மறுபடி அதே மெட்டு உரிமைச் சிக்கல் வரும். ஒரு ராகத்தைக் கொஞ்ச நேரம் ஆலாபனை செய்யச் சொல்லுங்கள். அல்லது சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி இருக்கிறது, அது வழிவழியாக வருவது. தவில்காரரையும் சேர்த்து உட்காரவைத்து, கௌரவமான சம்பாவனை கொடுத்து, ஒரே அமர்வில் பத்துப் பதினைந்து துண்டுகள் பதிவு செய்துகொண்டால் வருடம் முழுக்க ஓட்டலாம். வாசிப்பவருக்கும் தன் வாசிப்பின் மேல் சட்டப்படி உரிமை உண்டு. அதனால் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பாஷை எளிமையாகவே இருக்கட்டும், இப்படி:

"ஆரணியில் வசிக்கும் இன்னாராகிய நான், இந்தத் தேதியில் இன்ன கடைக்காக நாதஸ்வரத்தில் வாசித்துப் பதிவு செய்த ராக ஆலாபனையையும் மல்லாரியையும், அந்தக் கடையின் சமூக வலைதளப் பதிவுகளிலும் கட்டண விளம்பரங்களிலும், உலகம் முழுவதும், இன்றிலிருந்து பத்து வருடத்துக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன். இதற்காக இவ்வளவு ரூபாய் பெற்றுக்கொண்டேன். ஒவ்வொரு பதிவிலும் என் பெயர் குறிப்பிடப்பட வேண்டும். இந்தப் பதிவை வேறு யாருக்கும் விற்கக் கூடாது."

தவில்காரருக்கும் இதே வாசகத்தில் தனித் தாள். காலத்தை எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடத்தை எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சேலை அனுப்புகிறவர்கள் "உலகம் முழுவதும்" என்ற இரண்டு சொல்லை விட்டுவிடக் கூடாது. பெயர் போடுவதை நிபந்தனையாகவே சேர்த்திருக்கிறேன், கவனித்தீர்களா? உங்கள் ரீல்ஸைப் பார்த்து ஒரு கல்யாணக் கச்சேரி அவருக்குக் கிடைத்தால் நல்லதுதானே.

குறிப்பிட்ட ஒரு சினிமாப் பாட்டுதான் வேண்டும், தீபாவளி விளம்பரத்துக்கு அது இல்லாமல் முடியாது என்றால், ஒலிப்பதிவு நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு வீடியோவில் சேர்ப்பதற்கான சிங்க் லைசென்ஸ் வாங்க வேண்டும். வரிக்கும் மெட்டுக்கும் தனியாக அனுமதி வேண்டுமா என்று அவர்களிடமே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்குள் ஸ்பீக்கரில் பாட்டுப் போட வாங்கும் உரிமம் இதற்குச் செல்லாது. உங்கள் அளவு வியாபாரத்துக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வக்கீல் வைக்கக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அல்லது திருவண்ணாமலை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். போகும்போது மின்னஞ்சலின் முழு அச்சுப் பிரதி, ஏழு ரீல்ஸின் ஸ்கிரீன்ஷாட்டுகள், கணக்கை எந்தத் தேதியில் பிசினஸாக மாற்றினீர்கள் என்ற விவரம், அந்த ரீல்ஸில் காட்டிய சேலைகள் விற்ற பில்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். கெடு முடிய இரண்டு நாளாவது மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.